ஐயாயிரம் யூரோவுக்குள் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டாமா?

பலெர்மோவில் வசிக்கும் 26 வயதுச் சகோதரி ஒருவரின் கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். அவர் யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளை மட்டும் அவர் எழுதியபடியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பதில் முழுவதும் அந்தத் தொகைகளைச் சுற்றியே நகர்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்குப் பலெர்மோவில் பிறந்து, 18 வயதில் இத்தாலியக் குடியுரிமை பெற்றவர் இவர். ஒரு பாஸ்திச்சேரியாவில், அதாவது இனிப்புப் பண்டக் கடையில், வாரத்துக்கு 20 மணிநேரம் ஒப்பந்தத்துடன் வேலை செய்கிறார். ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் 11,000 யூரோ. மீதி நேரத்தில் யூடியூபிலும் இன்ஸ்டகிராமிலும் சமையல் காணொளி போடுகிறார். பல்லாரோ சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் ஒரு வாரம் கப்பொனாத்தா, மறுவாரம் பால்கறி என்று தமிழிலும் இத்தாலியனிலும் மாறி மாறிப் பேசும் அந்தக் காணொளிகள் ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் தவறாமல் வெளிவருகின்றன.

2024 ஜூனில் விளம்பர வருமானம் தொடங்கி, அந்த ஆண்டு கூகுளிடமிருந்து 1,150 யூரோ வந்திருக்கிறது. 2025இல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை வந்தது 4,900 யூரோ. மசாலாப் பொருட்கள் இறக்குமதி செய்யும் கத்தானியா நிறுவனம் ஒன்று இரண்டு காணொளிகளுக்கு 1,800 யூரோ பேசி, அதில் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 1,440 யூரோ அனுப்பியது. லண்டன் சேலைக் கடை ஒன்று 1,500 யூரோவுக்குச் சமமான பவுண்களை அங்கிருக்கும் பெரியம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறது. இவை தவிர, 140 யூரோ பெறுமதியான பிரஷர் குக்கரும் 799 யூரோ பெறுமதியான கைபேசியும் ‘அன்பளிப்பாக’ வந்துள்ளன. ஆண்டு முடிவதற்குள் எல்லாமாக 14,000 யூரோவைத் தொடும் என்று அவர் மதிப்பிடுகிறார். பார்த்தீத்தா ஈவா, அதாவது சுயதொழில் செய்வோருக்கான வரி இலக்கம், இன்னும் எடுக்கவில்லை. மே மாதம் காஃப் என்னும் வரி உதவி அலுவலகத்தில் கொடுத்த 730 படிவத்தில், அதாவது சம்பளக்காரர்களின் வருமான வரிப் படிவத்தில், கடைச் சம்பளம் மட்டுமே இருக்கிறது.

“ஐயாயிரம் வரை பார்த்தீத்தா ஈவா தேவையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், அதை நம்பியிருந்தேன். இப்போது அது தாண்டிவிட்டது. கூகுள் அயர்லாந்திலிருந்து அனுப்புகிறது, கத்தானியாக்காரர் வரியைப் பிடித்துவிட்டார், லண்டன் காசு இத்தாலிக்கே வரவில்லை. அப்படியிருக்க நான் எதற்கு வரி கட்ட வேண்டும்? அரசாங்கத்துக்குத் தெரிந்தால் தங்களுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாமல் போகும் என்று அப்பா பயப்படுகிறார். அம்மாவின் பெயரில் பார்த்தீத்தா ஈவா எடுத்தால் என்ன என்று கேட்கிறார். கடை முதலாளியோ, ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தீத்தா ஈவாவுடன் வந்தால் கடையின் இன்ஸ்டகிராம் வேலையையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார்” என்று முடிக்கிறார்.

அன்பின் சகோதரிக்கு,

பாதிக் கணக்கைக் காட்டி முழு ஆலோசனை கேட்பவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் குக்கரின் விலையைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என்னாலும் சுற்றி வளைக்காமல் எழுத முடிகிறது. அப்பாவின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வரி விவகாரம் உங்களுடையது. பெற்றோரின் பெர்மெஸ்ஸோவுக்கு அவர்களுடைய வருமானமும் அவர்களுடைய ஆவணங்களும்தான் பார்க்கப்படும். அதற்கு மேல், நீங்கள் இதுவரை செய்திருக்கும் தவறு தொகையளவில் எவ்வளவு சிறியது என்பதைக் கீழே படித்தால் அவரே சிரித்துவிடுவார். ஆனால் அது சிறியதாக இருப்பது 2025 ஒக்டோபர் 31 வரைக்கும்தான்.

முதலில் 2024

2024இல் வந்த 1,150 யூரோ உங்கள் 730 படிவத்தில் இல்லை. மே மாதம் கொடுத்தது முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2024 வருமானத்துக்கான ‘ரெத்தீத்தி பெர்சோனே ஃபீசிக்கே’ என்னும் தனிநபர் வருமானப் படிவத்தைக் கொடுப்பதற்கான கடைசி நாள் 2025 ஒக்டோபர் 31. அதற்குள் அந்தப் படிவத்தைத் திருத்தப் படிவமாகக் கொடுத்தால், முன்பு கொடுத்த 730இன் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். குறைத்துக் காட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கே இடமிருக்காது. காஃப் ஊழியர் ‘730 இந்தெக்ராத்தீவோ’ செய்துவிடலாம் என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அது வரி செலுத்துபவருக்குச் சாதகமான திருத்தங்களுக்கு மட்டும் உரியது. நீங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியவர்.

உங்கள் சம்பளத்தோடு சேரும்போது இந்த 1,150 யூரோவுக்கு வருமான வரி 23 சதவீதம். சுமார் 265 யூரோ. பிராந்தியமும் நகரசபையும் கேட்கும் மேல்வரி கொஞ்சம் சேரும். ஜூன் 30இல் கட்டியிருக்க வேண்டிய பணத்தை ஒக்டோபரில் கட்டுவதால், ‘ராவ்வெதிமெந்தோ ஒப்பெரோசோ’ என்னும், தானாக முன்வந்து திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டின்படி அபராதம் 3.125 சதவீதம், 2025இல் வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம். இரண்டையும் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு யூரோ. உங்கள் வீட்டில் இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த பிரச்சினையின் விலை இவ்வளவுதான். ஒக்டோபர் 31ஐத் தவறவிட்டாலும் வழி அடைந்துவிடாது. ஆனால் அதன் பிறகு அது ‘பிழையான படிவம்’ என்ற வகைக்குள் போய்விடும். நீங்கள் திருத்துவதற்கு முன் வரி அலுவலகம் கண்டுபிடித்தால், அபராதம் கட்டாத வரியில் 70 சதவீதத்திலிருந்து தொடங்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த 1,150 யூரோவை ‘எப்போதாவது செய்த வேலை’ என்ற பிரிவில் காட்டும்படிதான் நான் சொல்லுவேன், ஏனென்றால் அப்போது விளம்பர ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை, தொகையும் சிறியது. ஆனாலும் உங்கள் தொழில் 2024 ஜூனிலேயே தொடங்கிவிட்டது என்று வரி அலுவலகம் வாதிடலாம். வருமானத்தைக் காட்டிவிட்டு எந்தப் பிரிவு என்று வாதாடுவது ஒரு நிலைமை, காட்டாமலே பிடிபடுவது வேறு நிலைமை.

அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது

இதை நம்பியது உங்கள் குற்றமில்லை. இத்தாலியர்களிலேயே பாதிப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். 5,000 யூரோ என்ற எண் சட்டத்தில் இருப்பது உண்மை. எப்போதாவது ஒரு வேலை செய்து கொடுப்பவர் ஓராண்டில் அந்தத் தொகையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்ப்ஸ் என்னும் தேசிய ஓய்வூதிய நிறுவனத்துக்குப் பங்களிப்புக் கட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். பார்த்தீத்தா ஈவா தேவையா என்ற கேள்விக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. அந்தக் கேள்விக்குச் சட்டம் பார்ப்பது ‘அபித்துவாலித்தா’வை, அதாவது வேலையை வழக்கமாகச் செய்கிறீர்களா என்பதை. உறவினர் கல்யாணம் ஒன்றுக்குப் படம் பிடித்து ஒரே தடவையில் 6,000 யூரோ வாங்கிய ஒருவருக்குப் பார்த்தீத்தா ஈவா தேவைப்படாமல் போகலாம். வியாழக்கிழமை தோறும் காணொளி போட்டு, அதில் விளம்பரம் ஓடவிட்டு, நிறுவனங்களோடு விலை பேசுகிற ஒருவருக்கு 3,000 யூரோ வந்தாலும் அது தேவை. உங்கள் சேனலின் முகப்பிலேயே ‘ஒவ்வொரு வியாழனும் மாலை 7 மணிக்கு’ என்று எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நிதிக் காவல் படையான குவார்தியா தி ஃபினான்சா இணையப் பிரபலங்களின் கணக்குகளைச் சோதிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளாகின்றன. அவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.

ஆகவே 2025 ஜனவரியிலிருந்தே தொழில் நடந்தது என்று உண்மையான தேதியைக் கொடுத்து, இப்போதே பதிவு செய்வதுதான் நேரான வழி. பதிவுக்குக் கட்டணம் இல்லை. தொழில் தொடங்கி 30 நாட்களுக்குள் பதிந்திருக்க வேண்டும் என்பதால் தாமதத்துக்கு 500 முதல் 2,000 யூரோ வரை அபராதம் உண்டு. தானாக முன்வருபவருக்கு அதில் ஒரு சிறு பங்கே விழும். இன்று பதிந்துவிட்டு ‘நேற்றுவரை பொழுதுபோக்கு’ என்று சொல்வது மலிவான வழியாகத் தோன்றும். ஆனால் கத்தானியா நிறுவனத்தின் ஒப்பந்தம் மார்ச் மாதத் தேதியில் அவர்களுடைய கோப்பில் கிடக்கிறதே.

அயர்லாந்து, லண்டன், கத்தானியா

வரி எங்கே கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது, பணம் எந்த நாட்டிலிருந்து புறப்பட்டது என்பதல்ல. நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்பதுதான். இத்தாலியில் வரி வதிவாளராக இருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அதை இத்தாலியில் காட்ட வேண்டும். ஐரோப்பியப் படைப்பாளிகளுக்கு ஆட்சென்ஸ் என்னும் கூகுள் விளம்பரச் சேவையின் பணத்தை அனுப்புவது கூகுள் அயர்லாந்து லிமிடெட். இருப்பு 70 யூரோவை எட்டிய மாதங்களில், 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையில் அது வந்து சேருவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இனி அப்படி வரும் ஒவ்வொரு தொகைக்கும் அந்த நிறுவனத்தின் பெயரில் ஈவா என்னும் பெறுமதி சேர் வரி சேர்க்காமல் ஒரு மின்-ஃபத்தூரா, அதாவது மின்னணு விலைப்பட்டியல், போட வேண்டும். அதற்கு முன் ‘வியெஸ்’ என்னும் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் உங்கள் இலக்கம் சேர்ந்திருக்க வேண்டும்; பதிவு நாளிலேயே இதைக் கேட்டுவிடுங்கள், பலர் மறந்துவிட்டுப் பிறகு ஓடுகிறார்கள். ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால், அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்கள் மூலம் வரும் பங்கில் மட்டுமல்லாமல் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கக் கூகுளுக்கு உரிமை உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் உறவினர் உள்ள நம்மவர் சேனல்களுக்கு இது சிறிய விஷயமில்லை.

லண்டன் பணம் பெரியம்மாவின் கணக்கில் விழுந்த அன்றே, சட்டத்தின் கண்ணில் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. உங்களுக்காக அவர் வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதை அங்கேயே வைத்திருப்பது உங்கள் வரியைக் குறைக்காது, மாறாக ஒன்றுமறியாத அந்த மனுசியை அவருடைய நாட்டு வரி அலுவலகத்துக்கு விளக்கம் சொல்லும் நிலைக்குத் தள்ளும். பணம் வந்த நாளின் நாணய மாற்று விகிதத்தில் யூரோவாக்கி உங்கள் வருமானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரருடன் விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

கத்தானியா நிறுவனம் பிடித்த 360 யூரோ முடிந்துபோன வரி அன்று. அது ‘ரிதெனூத்தா தக்கோந்தோ’, அதாவது உங்கள் பெயரில் அவர்கள் முன்கூட்டியே அரசுக்குக் கட்டும் ஒரு பகுதி. அடுத்த வசந்த காலத்தில் அவர்கள் தரவேண்டிய ‘சி.யு.’ சான்றிதழை வாங்கி வைத்தால், உங்கள் வரியிலிருந்து அந்தத் தொகை கழியும். வாங்காவிட்டால் கழிப்பது சிரமம்.

குக்கரும் கைபேசியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இந்தப் பொருளைக் காட்டுகிறேன், அதற்குப் பதிலாகப் பொருளை வைத்துக்கொள்கிறேன் என்று பேசி வாங்கியிருந்தால், அது பொருளாக வந்த ஊதியம். சந்தை விலைக்கு அதையும் வருமானத்தில் சேர்க்க வேண்டும். கைபேசிக்கு மூன்று இன்ஸ்டகிராம் ஸ்டோரி போடுவதாக மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 799 யூரோ வருமானம். குக்கர் கேட்காமலே வந்தது, நீங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்றால், அதனுடன் வந்த கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு அதைக் கணக்குக்கு வெளியே வைக்கலாம் என்பது என் கருத்து. இனிமேல் யாராவது பொருள் தருகிறேன் என்றால் ‘விலை என்ன’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கும் கணக்கில் காட்ட அது தேவை.

எந்த முறையில் பதிவது

உங்கள் நிலையில் இருப்பவருக்கு ‘ரெஜிமே ஃபோர்ஃபெத்தாரியோ’ தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டு வரவு 85,000 யூரோவுக்குள் இருப்பவர்களுக்கான எளிய முறை இது. 2025க்கு, முந்தைய ஆண்டின் சம்பள வருமானம் 35,000 யூரோவைத் தாண்டியிருக்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் 11,000 அதற்கு வெகு கீழே. உங்கள் ஃபத்தூராவில் ஈவா வரி சேர்ப்பதில்லை. வருமான வரிக்குப் பதிலாக ஒரே விகிதத்தில் 15 சதவீதம், புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு 5 சதவீதம். 2025 ஜனவரி முதல் உங்கள் துறைக்கென்றே 73.11.03 என்ற அத்தேக்கோ குறியீடும், அதாவது தொழில் வகைக் குறியீடும், வந்துவிட்டது. முன்பெல்லாம் விளம்பர நிறுவனங்களுக்கான குறியீடுகளில் எதையோ ஒன்றைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் உங்கள் இன்னொரு எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2,300 யூரோவுக்கு வாங்கிய கமெராவைச் செலவாகக் கழிக்கலாம் என்று பற்றுச்சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஃபோர்ஃபெத்தாரியோவில் உண்மையான செலவு எதையும் கழிக்க முடியாது. உங்கள் குறியீட்டுக்கு, வரவில் 22 சதவீதம் செலவு என்று சட்டமே எடுத்துக்கொண்டு, மீதி 78 சதவீதத்துக்குக் கணக்குப் போடும். 14,000 யூரோ வரவுக்கு 3,080 யூரோ செலவென்று ஆகிறது. கமெராவும் மாதம் அறுபது யூரோ சமையல் சாமான்களும் சேர்ந்தால் உங்கள் உண்மையான செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆகவே நட்டமில்லை. பற்றுச்சீட்டை உத்தரவாதத்துக்காக வைத்திருங்கள்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். 2024இலிருந்து இம்முறையில் உள்ள எல்லோருக்கும் மின்-ஃபத்தூரா கட்டாயம். ஈவா இல்லாமல் 77.47 யூரோவுக்கு மேல் போடும் ஃபத்தூராவுக்கு 2 யூரோ முத்திரை வரி உண்டு. மற்றது, அயர்லாந்து நிறுவனத்திடம் நீங்கள் விளம்பரம் வாங்கினாலோ, படத்தொகுப்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டினாலோ, அதற்கான 22 சதவீத ஈவாவை நீங்களே கணக்கிட்டு எஃப் 24 என்னும் வரி செலுத்தும் படிவத்தில் கட்ட வேண்டும். மாதம் பத்து யூரோச் சந்தாவுக்கு இரண்டு யூரோ இருபது சதம். எரிச்சலூட்டும் வேலைதான், ஆனாலும் செய்ய வேண்டும்.

இன்ப்ஸில் எந்த வாசல்

வரியைவிட ஓய்வூதியப் பங்களிப்பே உங்கள் பையைக் கூடுதலாகப் பிடிக்கும், அதைப் பற்றித்தான் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. இணையப் படைப்பாளிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இன்ப்ஸ் 2025 பெப்ரவரி 19இல் 44ஆம் இலக்கச் சுற்றறிக்கை வெளியிட்டது. வியாபாரம் போல ஒழுங்கமைத்து விளம்பர இடம் விற்பவர் வணிகர் பிரிவுக்கும், தன் சொந்த உழைப்பையும் அறிவையும் விற்பவர் ‘ஜெஸ்தியோனே செப்பராத்தா’வுக்கும், நடிப்பு, இசை போன்ற கலை நிகழ்த்துபவர் கலைஞர்களுக்கான நிதிக்கும் போக வேண்டும் என்பது அதன் சாரம்.

நீங்களே சமைத்து, நீங்களே படம் பிடித்து, நீங்களே பேசுகிறீர்கள். ஆள் வைக்கவில்லை, ஸ்டூடியோ இல்லை. ஆகவே ஜெஸ்தியோனே செப்பராத்தாவே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் துணிவு. கூகுள் விளம்பரப் பங்கு அதிகம் என்பதால் வணிகர் பிரிவுதான் என்று சொல்லும் கொமெர்சியாலிஸ்தாக்களும், அதாவது வரிக் கணக்காளர்களும், இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் வித்தியாசம் சிறியதன்று. வணிகர் பிரிவில் 2025க்கு 18,555 யூரோ சம்பாதித்ததாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 4,500 யூரோவுக்கு மேல் கேட்பார்கள். ஃபோர்ஃபெத்தாரியோவுக்கும் புதியவர்களுக்கும் சலுகைகள் இருந்தாலும், நீங்கள் சம்பாதிக்காத பணத்துக்கும் கட்டுவது போலாகும். செப்பராத்தாவில் குறைந்தபட்சத் தொகை இல்லை, வந்ததற்கு மட்டும்தான். கடை வேலையால் உங்களுக்கு ஏற்கெனவே ஓய்வூதியக் காப்பு இருப்பதால் விகிதம் 24 சதவீதம். வேலை இல்லாவிட்டால் 26.07.

2026 ஜூன் 30

இனிச் சொல்லப்போவதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். சுயதொழில் தொடங்கியவர்கள் விழுவது முதல் ஆண்டில் அன்று, இரண்டாம் ஆண்டின் ஜூனில். முதல் ஆண்டு முழுவதும் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிறகு ஒரே நாளில், போன ஆண்டுக்கான முழுக் கணக்கும் நடக்கும் ஆண்டுக்கான முன்பணத்தின் முதல் தவணையும் சேர்ந்து வருகின்றன.

உங்கள் 14,000 யூரோவையே எடுப்போம்; கத்தானியாவின் 360ஐ, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். 78 சதவீதம் என்பது 10,920 யூரோ. அதற்கு இன்ப்ஸ் 24 சதவீதம், 2,620.80. வரி 5 சதவீதம், 546. ஆகவே 2025க்காக 3,166.80. அத்தோடு 2026க்கான முன்பணம்: வரியில் முழுத் தொகை, பாதி பாதியாக, 273 யூரோ வீதம் இரண்டு தவணை; இன்ப்ஸில் 80 சதவீதம், 1,048.32 வீதம் இரண்டு தவணை. ஜூன் 30இல் உங்கள் எஃப் 24 படிவத்தில் இருக்கப்போகும் தொகை 4,488.12. நவம்பர் 30இல் இன்னும் 1,321.32. இரண்டும் சேர்ந்து 5,809.44 யூரோ. 14,000இல் இது 41 சதவீதத்துக்கு மேல் என்று பதற வேண்டாம். நவம்பர் வரை நீங்கள் கட்டியதில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும், கட்டிய இன்ப்ஸும் அடுத்த வரிக் கணக்கில் கழியும். நிலைபெற்ற பிறகு மொத்தச் சுமை வரவில் 22, 23 சதவீதத்துக்குள்தான் நிற்கும், ஐந்தாண்டு முடிந்து 15 சதவீதத்துக்கு மாறும்வரை.

ஆனால் ஜூன் மாதத்துக்கு இந்த ஆறுதல் உதவாது, காசுதான் உதவும். அதனால் செலவில்லாத ஒரு தனி வங்கிக் கணக்குத் திறந்து, கூகுளோ கத்தானியாவோ யார் அனுப்பினாலும், வந்த அன்றே 35 சதவீதத்தை அங்கே மாற்றிவிடுங்கள். 1,000 யூரோ வந்தால் 350 உங்களுடையதில்லை. கைபேசி மாதிரிப் பொருளாக வருபவற்றுக்கும் மற்றப் பணத்திலிருந்து 35 சதவீதத்தை எடுத்து வையுங்கள், ஏனென்றால் இன்ப்ஸ் கைபேசியை வாங்கிக்கொள்ளாது. நவம்பர் முன்பணத்தைக் கட்டிய பிறகு 25ஆகக் குறைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் பெயரும் முதலாளியின் யோசனையும்

அம்மாவின் பெயரில் எடுப்பது வேண்டவே வேண்டாம். திரையில் தெரியும் முகமும் ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்தும் உங்களுடையவை. வருமானம் யாருடையது என்று எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வராது. அப்பா பயப்படுகிற பெர்மெஸ்ஸோச் சிக்கலை இல்லாத இடத்தில் உண்டாக்கும் ஒரே வழி அதுதான்.

முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் யோசனையில் இலாபம் அவருக்கு மட்டும். இப்போது வேலை தருபவருக்கோ, கடந்த இரண்டு ஆண்டுகளில் வேலை தந்தவருக்கோதான் பெரும்பாலும் ஃபத்தூரா போடுகிறீர்கள் என்றால் ஃபோர்ஃபெத்தாரியோவே உங்களுக்குக் கிடைக்காது. அத்துடன் விடுமுறைச் சம்பளம், நோய்க்காலக் கொடுப்பனவு, டிசெம்பர் மாதப் பதின்மூன்றாம் சம்பளம், வேலை விடும்போது வரும் தி.எஃப்.ஆர்., இவை எல்லாவற்றையும் ஒரு இன்ஸ்டகிராம் வேலைக்காகக் கைவிடுவதாகும். ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, வெளியே சொந்தத் தொழில் செய்வதை அது தடுக்கவில்லை என்பதை மட்டும் ஒருமுறை வாசித்து உறுதி செய்யுங்கள். கடையின் இன்ஸ்டகிராம் வேலை வேண்டுமென்றால், ஒப்பந்த மணிநேரத்தை 20இலிருந்து 24ஆகக் கூட்டித் தரும்படி கேளுங்கள்.

கொமெர்சியாலிஸ்தாவிடம் போகும்போது ஆட்சென்ஸின் மாதாந்தக் கொடுப்பனவு அறிக்கைகள், கத்தானியா ஒப்பந்தமும் வங்கி வரவும், கைபேசி பற்றிய மின்னஞ்சல், மே மாதம் கொடுத்த 730இன் முழுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். 730இன் பிரதியை அப்பாவிடம் சொல்லிக் காஃபிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஒக்டோபர் கடைசி வாரத்தில் அங்கே வரிசை தெரு வரைக்கும் நிற்கும். லண்டனுக்கும் இன்றே ஒரு செய்தி போகட்டும்: 1,500 யூரோவையும் உங்கள் கணக்குக்கு அனுப்பும்போது ‘அன்பளிப்பு’ என்று எழுதாமல், சேலைக் கடையின் பெயரையும் பணம் வந்த தேதியையும் காரணப் பகுதியில் பெரியம்மா எழுத வேண்டும்.